குதிரைவாலிக்கு வேண்டாம், வத்தலுக்குக் கொடுங்கள்

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு இயற்கை அங்காடிக்குப் போயிருந்தேன். அரைக் கிலோ பாக்கெட்டில் பச்சை இலை படம் போட்டு, ‘இயற்கை குதிரைவாலி அரிசி’ என்று அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து நாலு கடை தள்ளி ஒரு மளிகைக் கடை. அங்கேயும் குதிரைவாலி அரிசி சாக்கில் இருந்தது. விலை ஏறக்குறைய பாதி. இரண்டு கடையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: “அண்ணாச்சி, இது எந்த ஊர்ச் சரக்கு?” இரண்டு இடத்திலும் ஒரே பதில்: “நம்ம கரிசக்காட்டுச் சரக்குதான்.”

இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கயத்தாறு பக்கம் குதிரைவாலி எப்படி விளைகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கோடை உழவு போட்டு வைக்கிறோம், புரட்டாசியில் மழையை எதிர்பார்த்து விதைக்கிறோம், ஒரு களை எடுக்கிறோம், தை பிறக்கும் முன்னே அறுக்கிறோம். விதைப்பு பிந்தினால் குருத்து ஈ கொஞ்சம் விழும். அதற்காக யாராவது தெளிப்பானைத் தோளில் மாட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா? குதிரைவாலிக்கு மருந்தடிக்க ஆகும் கூலி, அந்த மகசூலில் திரும்பி வராது. அதனால் அடிப்பதில்லை. அவ்வளவுதான்.

ஆக, அந்த இரண்டு சாக்குகளும் பக்கத்துப் பக்கத்துப் புஞ்சையில் விளைந்திருக்கலாம். ஒன்றில் அடியுரமாக டிஏபி போட்டிருப்பார்கள், இன்னொன்றில் ஆட்டுக்கிடை அமர்த்தியிருப்பார்கள். பூச்சிமருந்து எச்சம் என்ற கணக்கில் பார்த்தால் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருக்க இரட்டை விலை எதற்கு?

இதை ஏன் விவசாயப் பக்கத்தில் எழுதுகிறேன் என்றால், நாம் விற்கிறவர்கள் மட்டும் இல்லை. கடம்பூர், கழுகுமலை, எட்டயபுரம் என்று இந்த வட்டாரத்தில் எந்த விவசாயி வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாலும், தானியமும் பயறும்தான் சொந்தக் காட்டுச் சரக்கு. கத்தரிக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை எல்லாம் சந்தையில் வாங்கியது. மருந்து குறைவாகப் படுவதை நாம் விளைவிக்கிறோம். மருந்து அதிகம் படுவதை விலைக்கு வாங்குகிறோம். பிள்ளைகள் பட்டணத்தில் வேலை பார்க்கிற வீடுகளில், “அப்பா, இனிமே எல்லாமே ஆர்கானிக்தான் வாங்கணும்” என்று போனில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அப்படி வாங்க நம் வருமானம் இடம் கொடுக்காது, கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எதற்குக் கூடுதல் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்று பிரித்துப் பார்க்க, விவசாயியை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? எந்தப் பயிருக்கு எத்தனை தெளிப்பு என்று அடிக்கிற நமக்குத்தானே தெரியும்.

கோவில்பட்டிக்கும் இயற்கை விவசாயத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. நம்மாழ்வார் 1963இல் வேலைக்குச் சேர்ந்தது நம் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான். பருத்திக்கும் தானியப் பயிர்களுக்கும் என்ன இடைவெளி, எவ்வளவு ரசாயன உரம் என்று சோதனை செய்கிற வேலை. மழையை மட்டும் நம்பி இருக்கிற, கையில் காசில்லாத மானாவாரி விவசாயிக்கு இந்த விலை கூடிய இடுபொருள் சோதனைகளால் என்ன பிரயோசனம் என்ற கேள்வி அவருக்கு வந்தது. 1969இல் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார். அவர் அன்று பார்த்த கரிசல்காடு, கொள்கையால் இயற்கையாக இருந்த காடு இல்லை. வாங்க முடியாததால் மருந்து போடாமல் இருந்த காடு. இன்றும் குதிரைவாலியிலும் நாட்டுச் சோளத்திலும் கம்பிலும் அதே நிலைமைதான் தொடர்கிறது. பருத்தியிலும் மிளகாயிலும் மக்காச்சோளத்திலும் நிலைமை தலைகீழாகிவிட்டது.

மக்காச்சோளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2018இல் படைப்புழு வந்த பிறகு, மருந்து அடிக்காமல் மக்காச்சோளம் எடுக்கலாம் என்ற பேச்சே இந்தப் பக்கம் போய்விட்டது. விதையே மருந்து பூசி வருகிறது. குருத்தில் ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை, பூவெடுக்கும் முன் இன்னொன்று என்று போகிறது. அந்தச் சோளம் கோழித்தீவனத்துக்குப் போவதால் நம் தட்டுக்கு நேராக வருவதில்லை. ஆனால் காற்று வாக்கில் மருந்து பக்கத்துப் புஞ்சைக்கு வருகிறது. காற்றாலைகள் நிற்கிற ஊரில் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மக்காச்சோளத்துக்கு மேல்காற்றில் அடித்தால், அடுத்த வரப்பில் நிற்கும் உளுந்து குடிக்கிறது. ஆகவே குதிரைவாலிக்கு மருந்தில்லை என்று நான் சொல்வது நூற்றுக்கு நூறு இல்லை. என்றாலும், நேரடியாக நாலு தடவை அடித்த பயிரும் சாரல் பட்ட பயிரும் ஒன்றாகிவிடாது.

சரி, எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்? என் பட்டியலில் முதலில் நிற்பது வத்தல்.

மிளகாய்க்கு இலைப்பேன், சிலந்திப்பேன், அதனால் வரும் இலைச்சுருட்டல், அப்புறம் காய்ப்புழு, பழ அழுகல், சாம்பல் நோய். ஒன்று விட்டால் ஒன்று. மானாவாரி சம்பா வத்தலுக்குக் கொஞ்சம் குறைவாக அடிப்போம், இறவையில் ஒட்டுரகம் போட்டவர் வாரம் தவறாமல் அடிப்பார். பழம் பறிப்பது ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை. பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு பறிப்பு என்று தொடர்ந்து நடக்கும். இடையில் மருந்தடித்தால், அடித்த நாலாம் நாள் பறிப்பு வந்துவிடும். புட்டியின் சீட்டில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாளை மிளகாய்க்காரர் எவரும் முழுமையாகக் கடைப்பிடிக்கிறார் என்று என்னால் சொல்ல முடியாது. நானும் கடைப்பிடித்ததில்லை. பிறகு காயப் போடுகிறோம். ஏறக்குறைய நாலு கிலோ பழம் ஒரு கிலோ வத்தலாகிறது. வெயிலில் மருந்து கொஞ்சம் சிதையும், ஆனால் தண்ணீர் போகிற அளவுக்கு மருந்து போவதில்லை. அதனால் பழத்தில் இருந்ததைவிட வத்தலில் கிலோவுக்கான எச்சம் கூடிவிடுகிறது. கத்தரிக்காயைக் கழுவுகிற மாதிரி வத்தலை யாரும் கழுவுவதும் இல்லை. நேராக மிளகாய்த்தூள் மில்லுக்குப் போகிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ வத்தல்கூட ஆகாது. கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் மாதச் செலவு அதற்குமேல் ஏறாது. அதே வீட்டில் அரிசியையும் தானியத்தையும் ஆர்கானிக்குக்கு மாற்றினால் ஆயிரக்கணக்கில் ஏறும். குறைந்த செலவில் அதிக எச்சத்தைத் தட்டிலிருந்து விலக்க முடிகிற பொருள் வத்தல்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு ஏக்கர் கரிசல். அரை ஏக்கரில் மிளகாய். பல வருடமாக, ஓரத்தில் இரண்டு சாலை மட்டும் மருந்தில்லாமல் விட்டு வைப்பேன். அது வீட்டுக்கு. மற்றது கமிஷன் கடைக்கு. இதை மறைவாக ஒன்றும் செய்யவில்லை, எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள். ஒரு மாசி மாதம் வத்தல் சிப்பத்தை இறக்கிவிட்டுக் கணக்கு முடித்துக் கிளம்பும்போது, கமிஷன் கடை முதலாளி மெதுவான குரலில் கேட்டார்: “அண்ணாச்சி, வீட்டுக்குன்னு எடுத்து வச்ச வத்தல்ல எனக்கு ஒரு அஞ்சு கிலோ கொடுத்தா என்ன? விலை கூடத் தர்றேன்.” சந்தை விலைக்குமேல் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார். சான்றிதழ் கேட்கவில்லை, முத்திரை கேட்கவில்லை. நாளெல்லாம் வத்தலை விற்கிறவர், தன் வீட்டுக்கு எதை வாங்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் இரண்டு சாலை ஆறு சாலாக்கினேன். முழு அரை ஏக்கரையும் மாற்ற இன்னும் துணிச்சல் வரவில்லை. இலைச்சுருட்டல் வந்து காடே சுருண்டு நின்ற ஒரு வருடத்தை மறக்க முடியவில்லை.

வத்தலுக்கு அடுத்து தழைகள். கறிவேப்பிலை, மல்லித்தழை, புதினா. 2015இல் கேரளம், தமிழகக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று சொல்லிக் கெடுபிடி காட்டியதும், நம் அரசு அதை மறுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பாவூர்சத்திரம் வியாபாரிகள் அன்றைக்குப் பட்ட பாட்டையும் கேட்டிருப்பீர்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அரசியல் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்கறிகளை எடுத்துத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. அதில் திரும்பத் திரும்ப மாட்டுகிற பெயர்கள் கறிவேப்பிலை, மல்லித்தழை, புதினா, பச்சை மிளகாய், பயற்றங்காய். சேனை, மரவள்ளி, பூசணி போன்றவற்றில் பிரச்சினை குறைவு. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலையைத் துறைமுகத்தில் தனியாகச் சோதித்துத்தான் உள்ளே விட்டது.

கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் ஆர்கானிக் கடையைத் தேட வேண்டாம். வீட்டுப் புறக்கடையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று போதும். குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் வைத்தால் தனியாகத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். ஆறு ஏக்கர் வைத்திருக்கிற விவசாயி ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சந்தையில் வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், கொஞ்சம் புளியைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரில் தழையைக் கால் மணி நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசச் சொல்கிறார்கள் அதே வெள்ளாயணிக்காரர்கள். மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து அடித்திருந்தால் எந்தத் தண்ணீரிலும் போகாது.

கத்தரிக்காய், காலிபிளவர், முட்டைக்கோஸ், வெண்டை, பச்சை மிளகாய், திராட்சை ஆகியவற்றுக்கும் நம்பிக்கையான ஆள் கிடைத்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பானுக்கு அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும். ஆனால் இவற்றை மாதம் முழுக்க அந்த விலைக்கு வாங்க முடியாது. கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ உள்ள வீடு என்றால் அவர்களுக்குச் சமைப்பதை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள். மற்றவர்கள் பருவத்தில் விளைவதை வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். பருவம் தப்பி விளைகிற காய்க்குத்தான் மருந்துச் செலவு அதிகம்.

வாழைப்பழம், தேங்காய், பூசணி, சேனை, மரவள்ளி, உரித்துப் போடுகிற வெங்காயம் இவற்றுக்கு ஆர்கானிக் விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தோலோடும் ஓட்டோடும் பெரும்பகுதி போய்விடுகிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அதற்கும் யாராவது ஒரு நாள் ‘ஆர்கானிக்’ ஒட்டி இரட்டை விலை சொல்வார்கள். மண்ணுக்குள் ஓட்டுக்குள் இருந்த பருப்பு அது. வெல்லம் நல்ல வெல்லமா, கடலை பூஞ்சணம் பிடிக்காததா என்று மட்டும் கேளுங்கள்.

பயறு வகையில் ஒரு வித்தியாசம் உண்டு. நம் மானாவாரி உளுந்துக்கும் பாசிக்கும் ஒன்றிரண்டு தெளிப்புதான். வெளியிலிருந்து வருகிற பயறு அப்படி இல்லை. மத்தியப் பிரதேசத்தில் கோடைப் பாசியை இயந்திரத்தில் அறுக்க வசதியாகக் களைக்கொல்லி அடித்துச் செடியைக் காய வைக்கிற வழக்கம் பரவி, 2025இல் அந்த மாநில அரசே அதைக் காரணம் காட்டிக் கொள்முதலுக்குத் தயங்கியது. அந்தப் பாசியும் நம் பாசியும் கடையில் ஒரே சாக்கில்தான் நிற்கின்றன. பாசிப்பயறு வாங்கும்போது ஆர்கானிக்கா என்று கேட்பதைவிட எந்த ஊர் என்று கேட்பது பயன் தரும். உள்ளூர்ப் பயறாக இருந்தால் நாலு ரூபாய் கூடக் கொடுக்கலாம். செம்மண் கட்டிக் காய வைத்த துவரை கிடைத்தால் விடாதீர்கள்.

குதிரைவாலிக்குத் திரும்ப வருகிறேன். அதில் ஆர்கானிக் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை தடவை தீட்டினார்கள்? தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாசனை அடித்துவிடும். கடையில் பல மாதம் இருக்க வேண்டும் என்பதற்காக வெள்ளை வெளேரென்று தீட்டிவிடுகிறார்கள். சிறுதானியத்தை எதற்காகச் சாப்பிடுகிறோமோ அந்த நார்ச்சத்தும் தாதுச்சத்தும் தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடுகிறது. பளபளவென்று தீட்டிய இயற்கைக் குதிரைவாலியைவிட, மங்கலான நிறத்தில் அரைகுறையாகத் தீட்டிய சாதாரணக் குதிரைவாலி மேல். ஆர்கானிக் பொருளில் சத்து அதிகம் என்று சொல்வதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2012இல் 237 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, சத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பூச்சிமருந்து எச்சம் குறைவு என்றார்கள். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 343 ஆய்வுகளைப் பார்த்து, சில நல்ல சேர்மங்கள் கூடுதலாக இருக்கின்றன என்றார்கள். சத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் கருத்து வேறு. எச்சம் குறைவு என்பதில் இரண்டு பேரும் ஒன்றுபடுகிறார்கள். அதனால் எச்சத்துக்காக மட்டும் காசு கொடுங்கள் என்கிறேன்.

“அப்போ மண்ணுக்காகக் கொடுக்கக் கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். கிடை அமர்த்தி, தொழுவுரம் அடித்து, வேப்பம்புண்ணாக்கு போட்டு விளைவிக்கிறவருக்குச் செலவு கூடத்தான் ஆகும். அந்தக் கூடுதல் காசு அவர் கைக்குப் போவதாக இருந்தால் குதிரைவாலிக்கும் கொடுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தானியம் வேண்டும், உடைக்கிற கூலியும் உண்டு என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், அங்காடியில் நான் பார்த்த விலைக்கும் நம் களத்து விலைக்கும் இடையே இருந்த தூரம் விவசாயிக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த வரையில் பாக்கெட்டுக்கும் பச்சை இலைப் படத்துக்கும்தான் போனது.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நாட்டு’, ‘பாரம்பரிய’, ‘இயற்கை’ என்று பாக்கெட்டில் அச்சடிப்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. ஆர்கானிக் என்று விற்பதற்கு 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. ஏற்றுமதிக்கான தேசியத் திட்டத்தின் கீழோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துச் சான்று தருகிற பி.ஜி.எஸ். முறையின் கீழோ சான்று பெற்றிருக்க வேண்டும். அதற்குரிய முத்திரை ‘ஜைவிக் பாரத்’. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை செய்கிற சிறு உற்பத்தியாளர், சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்றால் சான்று தேவையில்லை. முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்தச் சலுகை உங்களையும் என்னையும் போன்றவர்களுக்காக வைத்தது. கடைக்காரருக்கு இல்லை. அடுத்த முறை அங்காடியில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முத்திரையும் சான்று விவரமும் இல்லை என்றால் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

விற்கிற பக்கத்திலிருந்தும் இதை யோசியுங்கள். மானாவாரி தானியம் எல்லாமே இயற்கைதான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விதைக்கும்போது டிஏபி போட்டது, போன வருடம் அதே நிலத்தில் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தது எல்லாம் மறந்துபோகிறது. மருந்தடிக்காத தானியம் என்று சொன்னால் அது உண்மை. ஆர்கானிக் என்று சொன்னால் பொய். ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு மாற்றக் காலம் என்று சான்று விதி சொல்கிறது. அந்த இரண்டு வருடமும் மகசூலில் அடி வாங்கிக்கொண்டு சாதாரண விலைக்கே விற்றுப் பொறுத்திருந்தவர் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார். நாம் வாய்ச்சொல்லால் அவருடைய விலையைத் தட்டிப் பறிக்கக் கூடாது. ஐந்து பேர் சேர்ந்தால் பி.ஜி.எஸ். குழு அமைத்துவிடலாம். விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் கேட்டால் வழி சொல்வார்கள். குதிரைவாலிக்காகக் குழு அமைப்பதைவிட வத்தலுக்காக அமைத்தால் சந்தை இருக்கிறது என்பது என் அனுபவம்.

வேளாண் உதவி அலுவலர்களிடம் ஒரு கோரிக்கை. மருந்து எழுதிக் கொடுக்கும் சீட்டில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுகிறீர்கள். கூடவே, ‘இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும்’ என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மருந்துக் கடையில் அதைச் சொல்ல ஆளில்லை. புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டின் எழுத்து அறுபது வயதுக்காரன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் விட முன்னால் வர வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. பட்டணத்துக்காரருக்கு மருந்து தட்டில் மட்டும்தான் வருகிறது. நமக்கு முதுகில் வருகிறது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் சாப்பாட்டில் சேர்ந்த எச்சத்தால் சாகவில்லை. உயரமாக வளர்ந்த செடிக்குள் முகத்துக்கு நேரே அடித்து, மூச்சிலும் தோலிலும் வாங்கிக்கொண்டு செத்தார்கள். நம் ஊரிலும் வெறுங்கையால் மருந்தைக் கலக்குகிறோம், தெளிப்பான் மூக்கு அடைத்தால் வாயால் ஊதுகிறோம், அடித்த சட்டையோடு வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறோம். அந்த வீட்டில் ஆர்கானிக் காலிபிளவர் வாங்கி என்ன பலன்? மாதம் 300 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால், முதல் மாதம் கையுறையும் முகக்கவசமும் வாங்குங்கள். புட்டியில் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்த்து, சிவப்பை விட்டுவிட்டு வேறு கேளுங்கள். இரண்டாவது மாதத்திலிருந்து வத்தலைப் பார்க்கலாம்.

வத்தல் வாங்குவதற்கு மாசி, பங்குனிதான் நேரம். விளாத்திகுளம், புதூர் பக்கம் களம் களமாகக் காயும். அங்காடிக்குப் போகாமல் காட்டுக்குப் போங்கள். மருந்தில்லாமல் விட்ட சால் இருக்கிறதா என்று கேளுங்கள். மிளகாய்க்காரரிடம் கேட்டால் முதலில் சிரிப்பார், பிறகு காட்டுவார். தரையில் காயப் போட்டு மழையில் நனைந்ததையும், வெளுத்துப் பூஞ்சணம் பிடித்ததையும் மருந்தில்லாதது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். பூஞ்சண நஞ்சுக்கும் ஆர்கானிக்குக்கும் சம்பந்தமில்லை. காம்பு பச்சையாக, குலுக்கினால் விதை சத்தம் கேட்கிற வத்தலாகப் பார்த்து வருடத்துக்கு வேண்டிய எட்டு, பத்து கிலோவை ஒரே தடவையில் எடுத்து, வீட்டில் இன்னும் இரண்டு வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் கட்டி வையுங்கள். அவர் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அடுத்த வருடம் அவர் அந்த இரண்டு சாலை ஆறாக்கி வைத்திருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள்.